டெட்லைன் பிந்தின கட்டுரை

பள்ளிக்கூட மலருக்குக் கட்டுரை தர வேண்டிய டெட்லைன் போன வெள்ளிக்கிழமை. இண்டைக்குத் திங்கள். மலர்க்குழுத் தலைவர் எங்கட பழைய வகுப்புக் குறூப்பில ஆறுதரம் மெசேஜ் போட்டிட்டார். "ரீச்சர்மாரே பிந்தினால் பிள்ளையள் என்ன செய்யும்?" எண்டு ஒரு குத்தல் வேற. நீங்கள் எல்லாரும் அதுக்குச் சிரிச்ச முகம் போட்டனீங்கள். போடுங்கோ, போடுங்கோ. கட்டுரை எழுதாமல் இருக்கேல்ல. பள்ளிக்கூடத்து மாமரத்தையும் விளையாட்டுப் போட்டியையும் பற்றி ரெண்டு பக்கம் வடிவா எழுதி வைச்சிருந்தனான். வியாழக்கிழமை பின்னேரம் அதைக் கிழிச்சுப்போட்டன்.

தலைவர் ஆரெண்டு உங்களுக்குத் தெரியும். என்ர பெரியப்பான்ர மோன். என்னைவிட நாலு மாசம் இளையவன், முதலாம் வகுப்பிலயிருந்து எனக்குப் பக்கத்து வாங்கில இருந்தவன், நான் தம்பி எண்டுதான் கூப்பிடுறது. அவனுக்கு நான் ஒரு விசயம் சொல்ல வேண்டியிருக்கு. என்ர அப்பா செத்த அந்தக் காலமையைப் பற்றின விசயம். நாப்பது வருசமா அதை அவனுக்கும் சொல்லேல்ல, வேற ஒருத்தருக்கும் சொல்லேல்ல. இப்ப சொல்ல வைச்சது அவன் போட்ட மெசேஜில இருந்த ஒரு இங்கிலிஷ் சொல்லு.

நடந்ததைச் சொல்லுறன், கேளுங்கோ. வியாழக்கிழமை பத்தாம் வகுப்பில ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், டெட்லைன் எண்டால் கடைசித் திகதிதானே, அதில ஏன் சாவு வருது?" எண்டு கேட்டாள். "இங்கிலிஷ்காரன் அப்பிடி வைச்சிட்டான், நீ எழுது" எண்டு அவளை இருத்திப்போட்டன். இருபத்தைஞ்சு வருசமா அந்தச் சொல்லை நான் படிப்பிக்கிறன். புலமைப் பரிசில் விண்ணப்பத்துக்கு டெட்லைன், காணிப் படிவத்துக்கு டெட்லைன், கடன் கட்ட டெட்லைன் எண்டு வாக்கியம் வாக்கியமாய்ப் பலகையில எழுதியிருக்கிறன். அது எங்கயிருந்து வந்தது எண்டு ஒருநாளும் யோசிக்கேல்ல. வீட்டை வந்து தேத்தண்ணியை ஊத்தி வைச்சுக்கொண்டு போனில தேடினன்.

அட கடவுளே! அதை வாசிச்சபோது தேத்தண்ணிக் கோப்பையை மேசையில வைச்சனானோ, மடியில ஊத்தினனானோ எண்டு இப்பவும் தெரியேல்ல. மகள் குசினிக்குள்ளயிருந்து, "என்னம்மா, ஆர் செத்தது?" எண்டு கேட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

அந்தச் சொல்லு ஒரு கைதி முகாமில பிறந்த சொல்லாம். அமெரிக்காவில வடக்கும் தெற்கும் அடிபட்ட காலத்தில, பிடிச்ச ஆக்களை ஒரு பெரிய மரச்சுவருக்குள்ள அடைச்சு வைச்சிருந்தவையாம். சுவருக்குக் கொஞ்சம் உள்ளுக்க இடுப்பளவுக்கும் வராத ஒரு சின்னக் கம்பு வேலி. அதைத் தாண்டினால் மேல நிக்கிற காவல்காரன் கேள்வி கேக்காமல் சுடுவான். அந்தக் கோட்டுக்குத்தான் டெட்லைன் எண்டு பேர். முகாமுக்குள்ளால ஒரு ஓடை போனதாம். ஆக்கள் நிண்ட பக்கம் தண்ணி கலங்கல், கோட்டுக்கு அங்கால தெளிஞ்ச தண்ணி. கையை நீட்டி அந்தத் தண்ணியை அள்ளப்போய்ச் செத்தவை இருக்கினமாம். பிறகு காலம் போக, அச்சுக்கூடத்தில இதுக்கு அங்கால எழுத்துப் பதியாது எண்ட கோட்டுக்கும் அந்தப் பேர் வந்து, பத்திரிகைக்காரர் கைக்குப் போய், இதுக்குப் பிறகு செய்தி ஏற்க மாட்டம் எண்ட நேரத்துக்கும் அதே பேராய்ப் போச்சாம். இப்ப எங்கட தலைவர் அதை ஒரு மணிக்கூட்டுப் படத்தோட குறூப்பில போடுறார்.

தெளிஞ்ச தண்ணி. அந்த இடத்தில வந்துதான் எழுதி வைச்ச ரெண்டு பக்கத்தையும் கிழிச்சன்.

நீங்கள் சிலபேர் பிறகு வந்து எங்கட வகுப்பில சேந்தனீங்கள், அதால முதலிலயிருந்து சொல்லுறன். அப்பாவும் பெரியப்பாவும் யாழ்ப்பாணத்தில இருந்து குடியேற்றத் திட்டத்தில குளத்துக் காணி கிடைச்சு இஞ்ச வந்த ஆக்கள். ரெண்டு வளவும் பக்கத்தில பக்கத்தில. ரெண்டுக்கும் பின்னால ஒரே கிணறு, பங்குக் கிணறு. ஒற்றை நாள் எங்கட முறை, இரட்டை நாள் பெரியப்பா வீட்டு முறை. ஊரில மற்றக் கிணறெல்லாம் உவர். அந்தத் தண்ணியில தேத்தண்ணி வைச்சால் வாயில வைக்கேலாது, பருப்பு அவியாது. எங்கட கிணத்துத் தண்ணிக்கு அரை மைலில இருந்தெல்லாம் பெண்டுகள் குடத்தோட வருவினம்.

காணி கிடைச்சு இவ்வளவு தூரம் வந்தும் எங்கட ஆக்கள் அந்த யாழ்ப்பாண வருத்தத்தை விட்டிட்டு வரேல்ல. வேலி வருத்தம், எல்லைக்கு அடிபடுற நோய். ரெண்டு வளவுக்கும் நடுவில, நட்ட தடியே மரமாய்த் தழைக்கிற கதியால் வேலி. வருசா வருசம் வேலி அடைக்கிற நேரம் பெரியப்பா அலவாங்கால குழி தோண்டிக் கதியாலை ரெண்டு விரல் எங்கட பக்கம் தள்ளி நடுவார். ரெண்டே விரல். அப்பா கயிறு பிடிச்சுப் பாத்து, "உது என்ன அண்ணை வேலை?" எண்டு கத்துவார். "கயிறு தொய்ஞ்சு கிடக்கு, கண் உனக்குப் பூஞ்சுபோச்சு" எண்டு பெரியப்பா சொல்லுவார். அதிலயே ஒரு கலை இருந்தது அவருக்கு. ஒரு கதியாலை மட்டும் தள்ளினால் வேலி வளையும், வளைவு கண்ணுக்குத் தெரியும். எல்லாத்தையும் ஒரே அளவாய்த் தள்ளினால் வேலி நேராய் நிக்கும், ஒருத்தரும் கண்டுபிடிக்கேலாது. கடைசியா நடந்த சண்டைக்குப் பிறகு ரெண்டு பேரும் மூண்டு வருசம் கதைக்கேல்ல. நானும் தம்பியும் வேலி ஓட்டைப் பொட்டுக்குள்ளால போய்வந்து கொண்டிருந்தனாங்கள். அம்மாவும் பெரியம்மாவும் அந்தப் பொட்டுக்குள்ளாலதான் கறி குடுத்து வாங்கினவை. ஆம்பிளையள் ரெண்டு பேர் மட்டும் தெருவில முகத்தைத் திருப்பிக்கொண்டு போவினம்.

எங்களுக்குப் பத்து வயது. மாசி மாதம், அறுவடை முடிஞ்சு வயல் வெறிச்சோடிக் கிடந்தது. கிணத்துக்கு அங்கால இருந்த சங்கக்கடைக் கட்டடத்தில ஒரு ஆயுதக்காரர் காம்ப் வந்தது. ஆரின்ர காம்ப் எண்டு நான் சொல்லப்போறதில்லை. எங்கட ஊர் எல்லா விதமான காம்பையும் கண்ட ஊர். மண்மூட்டை அடுக்கி, அதுக்குள்ள சென்றிக்குக் காவல் ஆள் நிக்க வைச்சாங்கள். அடுத்த நாள் எங்கட வளவுகளுக்குப் பின்னால வெள்ளைப் பெயின்ற் அடிச்ச ஆறு வெறும் தார்ப் பீப்பாவை வரிசையாய் நிறுத்தி வைச்சாங்கள். ஊருக்குப் பொறுப்பான விதானையார் வீடு வீடாய் வந்து சொன்னார்: "பீப்பாவுக்கு அங்கால கால் வைச்சால் சுடுவினம். எனக்கு ஒண்டும் செய்யேலாது. பிள்ளையளைக் கவனமாய்ப் பாருங்கோ."

கிணறு பீப்பாவுக்கு அங்கால போயிட்டுது. ஏழு முழம் அங்கால.

அண்டைக்கே அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு உவர்க் கிணத்துக்கு நடக்கத் தொடங்கினா. சோறு மஞ்சளிச்சது, தலை முழுகினால் மயிர் சடைச்சது. கைக்குழந்தை இருந்த வீடுகளில வயித்தோட்டம். கண்ணுக்கு முன்னால, கூப்பிடு தூரத்தில எங்கட கிணறு, கப்பியும் கயிறும் வாளியும் வைச்ச இடத்தில அப்பிடியே.

பெரியப்பா ரெண்டு நாள் பின்வளவில குந்தியிருந்து பீப்பாவைப் பாத்துக்கொண்டே இருந்தவர். மூண்டாம் நாள் பெரியம்மாவிட்டச் சொன்னாராம்: "இதுவும் ஒரு எல்லையே? கயிறு பிடிச்சோ நட்டவங்கள்? அளவில்லாமல் நட்ட எல்லையை அளவாய்த் தள்ளலாம்."

அடுத்த நாள் தொடங்கினார். பட்டப்பகலில, எல்லாருக்கும் முன்னால. மாட்டுக்குப் புல்லு அறுக்கிற ஆள் மாதிரி சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, பீப்பாவுக்கு இஞ்சால குந்தி அறுத்து அறுத்துப் போவார். பீப்பாவடியில வந்ததும் இடுப்பால ஒரு உந்து. ஒரு சாண். காலமை மூண்டு பீப்பா, பின்னேரம் மூண்டு பீப்பா. வரிசை வளையாது. ஒருக்காலும் அவர் கோட்டைத் தாண்டினதில்லை. கோட்டைத்தான் தள்ளிக்கொண்டு போனார்.

இப்ப சொல்லுங்கோ, உங்களுக்கு ஞாபகமில்லையே? வாய்க்கால் வரம்பால பள்ளிக்கூடம் போகேக்க எல்லாரும் நிண்டு பாத்தனாங்கள். பீப்பா நிண்ட இடத்தில புல்லு வெளிறி வட்டமாய்க் கிடக்கும். அந்த வட்டத்தை எண்ணி இன்னும் எத்தினை சாண் மிச்சம் எண்டு புளியங்கொட்டை பந்தயம் பிடிச்சனாங்கள். சென்றியில நிண்டவன் ஒரு இளந்தாரி, எங்களைக் கண்டால் கை காட்டுவான். அவன் காணாமல் விட்டானோ, கண்டும் விட்டானோ தெரியேல்ல. நாங்கள் கைதட்டிச் சிரிச்சனாங்கள். பெரிய ஆக்களும் சிரிச்சவை. விதானையார்கூட, "உங்கட அண்ணைக்கு வேலி தள்ளுறது கைவந்த கலை" எண்டு அப்பாவிட்டச் சொல்லிச் சிரிச்சவர். ஒருத்தருக்கும், ஒரு பெரிய மனிசனுக்கும், இது விளையாட்டில்லை எண்டு படேல்ல. நாங்கள் எல்லாரும் அதை ஒரு வேலிச் சண்டை எண்டு நினைச்சம். பக்கத்து வளவுக்காரனோட சண்டை எண்டு நினைச்சம்.

பதினாலாம் நாள் பின்னேரம் பீப்பா கிணத்துக்கு அங்கால போயிட்டுது. கிணறு எங்கட பக்கம்.

அண்டைக்குத்தான் அப்பா மூண்டு வருசத்துக்குப் பிறகு பெரியப்பா வீட்டு முத்தத்தில கால் வைச்சவர். வேலிப் பொட்டுக்குள்ளால குனிஞ்சு போனவர், அந்த உயரமான மனிசன். "அண்ணை, நீ எனக்குத் தள்ளின ரெண்டு விரலுக்கும் இதோட சரி" எண்டாராம். பெரியப்பா அழுதவர். நான் பாத்தனான். தம்பியும் நானும் வாசல் படலையில ஏறி நிண்டு பாத்தனாங்கள். எனக்கு அதைப்போல ஒரு சந்தோசம் அதுக்கு முன்னால இருந்ததில்லை.

விடிஞ்சது ஒற்றை நாள். ரெண்டு பேரும் பெரியப்பா வீட்டு முத்தத்தில கதிரை போட்டு இருந்து கதைச்சுக்கொண்டிருந்தினம். நான் பள்ளிக்கூடம் போயிட்டன். அம்மா சொல்லித்தான் மிச்சம் தெரியும். பெரியம்மா தேத்தண்ணிக்குத் தண்ணி வேணுமெண்டு கேட்டவா. பெரியப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு எழும்பினவர், ரெண்டடி வைச்சிட்டுத் திரும்பி, "இல்லை தம்பி, இண்டைக்கு ஒற்றை நாள். உன்ர முறை. நீ போ" எண்டு வாளியை அப்பாவின்ர கையில குடுத்தவர். மூண்டு வருசமா முறைக்கும் பங்குக்கும் அடிபட்ட மனிசன், அண்டைக்கு மரியாதை குடுத்தவர். அண்ணன் போட்ட எல்லையை அப்பா வாழ்க்கையில ஒருநாளும் நம்பினதில்லை. அண்டைக்கு மட்டும்தான் நம்பினவர்.

வாளி கிணத்துக்குள்ள விழுந்த சத்தம்தான் அம்மாவுக்கு முதல் கேட்டதாம், வெடிச்சத்தம் பிறகுதானாம். அப்பிடி இருக்கேலாது எண்டு எனக்குத் தெரியும். அம்மா கடைசி மட்டும் அப்பிடித்தான் சொன்னவா.

அப்பா பீப்பாவைத் தாண்டேல்ல. பீப்பாவுக்கு இஞ்சால, மூண்டு சாண் இஞ்சால கிடந்தவர்.

பள்ளிக்கூடத்தில ரெண்டாம் பாடம். ஒரே ஒரு வெடி. ரீச்சர் எல்லாரையும் வாங்குக்குக் கீழ படுக்கச் சொன்னவா, ஞாபகமிருக்கோ? தம்பி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, "சும்மா மேல சுட்டிருப்பாங்கள் அக்கா" எண்டான். நீங்கள் எல்லாரும் பயத்தில அழுதனீங்கள். நான் அழேல்ல. ஏனெண்டு கடைசியில சொல்லுறன்.

சவம் எடுத்த மூண்டாம் நாள் பெரியப்பா ரெண்டு வளவுக்கும் நடுவில இருந்த வேலி முழுக்கப் பிடுங்கினார். அலவாங்கு எடுக்கேல்ல. கையால. கிளுவை முள்ளுக் கிழிச்சு முழங்கை மட்டும் ரத்தம். அம்மா ஓடிப்போய் மறிச்சும் கேக்கேல்ல. அதுக்குப் பிறகு அந்த வளவுக்கு வேலியே இல்லை, இண்டைக்கும் இல்லை. ஊர் அவரை விடேல்ல. தம்பியைச் சாகக் குடுத்தவன் எண்டு தெருவில அவர் காதுபடச் சொன்னவை, அதுக்கு முதல் கிழமை சிரிச்ச அதே ஆக்கள். நாங்கள் என்ன குறைச்சலே? தம்பிக்கு "எல்லைதள்ளி" எண்டு பட்டம் வைச்சம். வைச்சது நீங்கள்தான், சொல்லுறன், கோவிச்சாலும் பரவாயில்லை. நான் கூப்பிடேல்ல. ஆனால் கூப்பிட்டபோது வாயை மூடிக்கொண்டு இருந்தனான். அவன் பாதி வருசம் பள்ளிக்கூடம் வரேல்ல. திரும்பி வந்தபிறகும் கடைசி வாங்கில போய்த் தனிய இருந்தவன்.

பிறகு வந்த காலத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எத்தினை இடம் ஓடினம். கடைசியில செட்டிகுளம் அகதி முகாமில கூடாரத்துக்குள்ள எங்கட ரெண்டு குடும்பமும் பக்கத்தில பக்கத்தில கிடந்தம். பெரியப்பாவுக்கு எழுவதைத் தாண்டியிருந்தது, காய்ச்சலில கிடந்தவர். சரியான மத்தியான வெய்யில், தறப்பாள் கூரை கொதிச்சது. நான் பக்கத்தில இருந்து அட்டையால விசிறிக்கொண்டு இருந்தனான். திடீரெண்டு கண்ணைத் திறந்து கேட்டார்:

"பிள்ளை, நான் அவசரப்பட்டிட்டனோ? நாளுக்கு ரெண்டு விரலாய்த் தள்ளியிருந்தால் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, என்ன?"

அம்மாளாச்சி! இருவத்திநாலு மணித்தியாலமும் அந்த மனிசன் அதைத்தான் மனசுக்குள்ள அளந்துகொண்டு கிடந்திருக்கிறார். எனக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. உண்மையான பதில். சொன்னால் அவருக்கு ஒரு சுமை இறங்கியிருக்கும். நான் சொன்னது, "படுங்கோ பெரியப்பா, காய்ச்சல் கூடப்போகுது." பத்து நாளில அவர் போயிட்டார்.

தம்பி, இனி உனக்கு. மற்றவை வாசிக்கட்டும், ஆனால் இது உனக்குத்தான் எழுதுறன்.

அண்டைக்குக் காலமை நீ முன்னுக்கு ஓடிப்போயிட்டாய். என்ர செருப்பு வார் அறுந்து, நான் வாய்க்கால் வரம்பில குந்தியிருந்து அதைக் கட்டிக்கொண்டு இருந்தனான். சென்றியில கை காட்டுற இளந்தாரி இல்லை. புது ஆக்கள் மாறி வந்திருந்தவை. அதில ஒருத்தன் வெளியில வந்தான். மண்மூட்டையில இருந்து பீப்பா மட்டும் அடி எண்ணி எண்ணி நடந்தான். பீப்பாவடியில நிண்டு குனிஞ்சு பாத்தான். பிறகு பீப்பாவுக்கு இஞ்சால வந்தான், எங்கட வளவுப் பக்கம். அந்த வெளிறின வட்டங்கள் வரிசையாய்க் கிடந்ததே, ஒரு பீப்பாவுக்குப் பதினாலு வட்டம், நாங்கள் பந்தயத்துக்கு எண்ணினது. அவன் சப்பாத்துக் காலால ஒவ்வொண்டாய்த் தடவித் தடவி வந்தான். முதல் வட்டம் மட்டும் வந்து நிண்டு திரும்பிக் கிணத்தைப் பாத்தான். கோவப்படேல்ல. பீப்பாவைத் திருப்பி வைக்கவும் இல்லை. அது ஏனெண்டு நாப்பது வருசமாய் யோசிக்கிறன். பேசாமல் திரும்பிப் போய் மண்மூட்டைக்குப் பின்னால இருந்திட்டான்.

எனக்கு விளங்கினது. பத்து வயதெண்டாலும் வடிவா விளங்கினது. அவங்கள் கண்டிட்டாங்கள், அவங்களுக்குக் கோடு பழைய இடத்திலதான். எங்கட வீட்டுப் படலை எனக்குப் பின்னால அம்பது பாகத் தூரத்தில இருந்தது. உங்கட முத்தத்தில என்ர அப்பாவும் உன்ர அப்பாவும் கதைச்சுச் சிரிக்கிற சத்தம் வரம்பு மட்டும் கேட்டது. மூண்டு வருசத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. நான் போய்ச் சொன்னால், "உன்னாலதான் அண்ணை" எண்டு அப்பா தொடங்குவார், திரும்பச் சண்டை வரும், திரும்ப முகத்தைத் திருப்புவினம் எண்டு நினைச்சன். பள்ளிக்கூடத்தால வந்து ஆறுதலாய்ச் சொல்லலாம் எண்டு நினைச்சன். செருப்பைக் கட்டிக்கொண்டு போயிட்டன். அதாலதான் வெடி கேட்டபோது நான் அழேல்ல. ஆருக்கு எண்டு எனக்கு அப்பவே தெரியும்.

உன்ர அப்பா தள்ளினவர், ஓம். ஆனால் அவருக்குத் தெரியாது. தெரிஞ்சது எனக்கு. நாப்பது வருசம் அவரின்ர தலையிலயும் உன்ர தலையிலயும் கிடந்ததில ஒரு பங்கு என்ர. அதை அவர் உயிரோட இருக்கேக்க சொல்லியிருக்க வேணும். உன்னிட்டயாவது சொல்லியிருக்க வேணும். நான் வீட்டில இருந்துகொண்டு கடைசித் திகதி எண்டு பிள்ளையளுக்கு வாக்கியம் அமைச்சுக் குடுத்துக்கொண்டு இருந்தனான்.

இதை மலரில போடுறதும் விடுறதும் உன்ர விருப்பம். வெட்டுறதெண்டால் மாமரத்தையும் விளையாட்டுப் போட்டியையும் பற்றி வேற ஆரிட்டயும் கேட்டு வாங்கு. ஆனால் வாசிச்சதும் எனக்குப் போனில ஒரு கோல் எடு. நீ ஏசிப் பேசினாலும் கேட்டுக்கொண்டு இருப்பன்.

ரெண்டாம் பாடத்திலதான் வெடி கேட்டது, தம்பி. நான் வரம்பில குந்தியிருந்தது பள்ளிக்கூட மணி அடிக்க முன்னம். எனக்கு நேரம் இருந்தது.